பெரட்டுக்கு நின்றவன் பேரில் ஒரு கிட்டார்

கம்ப்யூட்டருக்கு விரல் அடையாளம் தெரியும் என்று நான் நம்பினேன். ஃபோனைத் திறக்கிற விரலைச் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு முந்தின ஒரு கேசட்டில் கிட்டார் கம்பியை அமுக்கிய விரலைச் சொல்கிறேன். பழைய நாடாவை உள்ளே ஏற்றினால் அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இந்தத் துண்டை வாசித்தது இந்த ஆள் இல்லை" என்று திரையில் சிவப்பு எழுத்தில் காட்டிவிடும் என்று நம்பினேன். ஹட்டனில் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஃபோட்டோகாப்பி மெஷினும் வைத்துக் கடை நடத்துகிற நான், ஐம்பத்திரண்டு வயதில், முழு மனதோடு நம்பினேன்.

சிரிக்காதீர்கள். என் பக்கமும் நியாயம் இருந்தது. அடையாள அட்டை எடுக்கப் போனால் விரலை வை என்கிறார்கள். என் ஃபோன் முகத்தைப் பார்த்துத்தான் திறக்கும். ஒருமுறை பல்வலியில் கன்னம் வீங்கியிருந்தபோது, நீ யார் என்று தெரியாது என்று முரண்டு பிடித்தது. அப்படிப்பட்ட காலத்தில், சத்தத்தைக் கேட்டு ஆளைப் பிடிப்பது என்ன பெரிய வேலை?

இந்தப் பயத்தைக் கொண்டுவந்தது ஒரு ஃபோன் கோல். கடையில் ஓர் அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், நான் செக்ரோல் ஐயாவோட மக பேசுறேன்."

செக்ரோல் ஐயா செத்து இரண்டு வருடம் ஆகிறது. மகள் கொழும்பில் சவுண்ட் என்ஜினியர். அப்பா ஒற்றை ஆளாக நடத்திய கேசட் கம்பெனியில் வந்த வாத்திய இசையில் இருந்து பதினாறு துண்டுகளைப் பொறுக்கி ஒரு தொகுப்பாக வெளியிடப் போகிறாளாம். சிடியாகவும் வருமாம், இன்டர்நெட்டிலும் வருமாம். வயலின், புல்லாங்குழல், மேண்டலின், புல்புல்தாரா எல்லாம் இருக்கிறது. கிட்டார் ஒன்றே ஒன்றுதான். அது என்னுடையது.

"பழைய டேப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுச் சுத்தம் பண்றோம் அங்கிள். அடியில கெடந்ததெல்லாம் மேல வருது. மூச்சு விடுறது, ஒக்காந்திருக்கிற கதிர கிரீச்சுங்கிறது, எல்லாம் கேக்குது."

"எல்லாமா?"

"எல்லாந்தான். ஒங்க துண்டுக்கு முன்னால ரெண்டு பேர் பேசுறாங்க. ஒன்னு அப்பா. இன்னொருத்தர் என்னா சொல்றாருன்னு இன்னும் வெளங்கல. இன்னுங் கொஞ்சம் சுத்தம் பண்ணா வந்துரும்."

"அதெல்லாம் எதுக்கு மகள் செரமப்பட்டு..."

"செரமமே இல்ல அங்கிள். வார சனிக்கிழம அப்பா கடைக்கு வாங்க, கேட்டுப் பாப்போம். வெளியீட்டு அன்னிக்கு மேடையில நீங்க அந்தத் துண்ட வாசிக்கணும். ஒங்கள வெச்சுத்தான் கூட்டமே."

அந்த அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழைப் பதினொரு நகல் எடுத்துக் கொடுத்தேன். அவர் கேட்டது இரண்டு.

விஷயம் என்னவென்றால், அந்தத் துண்டை நான் வாசிக்கவில்லை.

செக்ரோல் ஐயாவைப் பற்றிச் சொன்னால்தான் இந்தத் திருட்டு எப்படி நடந்தது என்று புரியும். அவர் வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செக்ரோல் கிளார்க். இன்று வேலைக்கு வந்தது யார், எந்த வேலைக்குப் போனார்கள் என்று பேர் பதிகிற பெரிய புத்தகம் செக்ரோல். அந்தப் புத்தகத்திலேயே வாழ்ந்த மனிதருக்கு வாத்தியம் என்றால் உயிர். பாட்டு என்றால் ஆகாது. "பாடுறவன் வாயத் தொறந்தான்னா வாசிக்கிறவன் பேரு செத்துப் போயிருது" என்பார். அதனால் தன் கேசட்டுகளில் பாட்டே வைக்கவில்லை. அட்டையில் படமும் கிடையாது, பூவும் கிடையாது. வாசித்தவர் பேர் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

கேசட் வாங்கியவர்களில் பாதிப் பேர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார்கள். "ஐயா, இதுல மியூசிக்கு மட்டுந்தான் வருது. பாட்டு பதியாம வுட்டுட்டீங்க போல" என்பார்கள். அவர் கோபப்பட மாட்டார். அதை வாங்கி வைத்துக்கொண்டு இன்னொரு பாட்டில்லாத கேசட்டைக் கொடுத்து அனுப்புவார்.

ஒலிப்பதிவு நடந்தது பூட்டிக் கிடந்த ஒரு பழைய ஸ்டோரின் மேல்மாடியில். எங்கள் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்து வாட்டுவதற்காக அங்கே தட்டுத் தட்டாகப் படங்குச் சாக்கு கட்டியிருந்தார்கள். எதிரொலியை எல்லாம் அந்தச் சாக்கு உறிஞ்சிவிடும். ஆனால் மேலே தகரக் கூரை. வட்டவளையில் மழை பெய்யாத நாள் எது என்று கேட்டால் ஆட்கள் மேலே பார்த்து யோசிப்பார்கள். தகரத்தில் மழை விழும்போது எந்த வாத்தியமும் எடுபடாது. ஆகவே எங்கள் சங்கீதத்தின் நீளத்தை முடிவு செய்தது மழைதான். இரண்டு மழைக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி கிடைக்கிறதோ அவ்வளவு வாசிக்கலாம். ஒரு வயலின்காரர் உச்சத்துக்குப் போகும்போது மழை வந்துவிட்டது. ஐயா அந்த இடத்தோடு வெட்டி அப்படியே வெளியிட்டார். அது ஒரு புதுமை என்று கண்டியில் யாரோ பாராட்டினார்களாம்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. வாசிக்க வந்தவர்களையும் அவர் பெரட்டுக்கு நிறுத்தினார். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் வேலைக்கு முன்னால் வரிசையாக நின்று பேர் கொடுப்பது. பிந்தி வந்தால் அன்று வேலையில்லை, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஐயா ஸ்டோர் வாசலில் ஆறரை மணிக்குக் கொப்பியும் பென்சிலுமாக நிற்பார். வயலின்காரர், புல்லாங்குழல்காரர் எல்லாரும் வாத்தியத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். "பேரு? என்னா வேல?" என்று கேட்டு எழுதுவார். பிறகு கேசட் அட்டை அச்சடிக்கும்போது அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பேர் போடுவார். யார் வாசித்தது என்று யோசிக்கவே மாட்டார். பெரட்டுக்கு நின்றவன்தானே வேலை செய்திருப்பான்? அவருடைய உலகத்தில் அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

என் முறை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசையை விட்டுவிட்டுப் போயிருந்தேன், அது முதல் பாவம். எனக்கு வயது இருபத்தொன்று. என்னோடு என் சிநேகிதனுக்கும் அன்று அழைப்பு இருந்தது, ஆளுக்கொரு துண்டு. பின்னாளில் அவன் தங்கச்சியைக் கட்டி அவனை மச்சான் ஆக்கிக்கொண்டேன், அதனால் இப்போதே மச்சான் என்று சொல்லிவிடுகிறேன். அவன் தண்டவாளத்து வழியாக நடந்து வந்தவன், வழியில் மழை பிடித்ததும் கிட்டார் நனையக் கூடாது என்று ஒரு பாலத்தடியில் நின்றுவிட்டான். இருபது நிமிடம் பிந்தினான்.

"பெரட்டுக்குப் பிந்துனா பிந்துனதுதான் தம்பி. அடுத்த ஞாயித்துக்கெழம வா" என்றார் ஐயா. மழை காரணமாக மாடியில் ஒரு மூலையில் உட்கார மட்டும் அனுமதித்தார்.

ஐயா டேப் மெஷினோடு ஒரு படங்கு மறைப்புக்குப் பின்னால் உட்காருவார், காதில் பெரிய ஹெட்ஃபோன். மெஷின் சத்தம் மைக்கில் விழக் கூடாது, அதோடு முகத்தைப் பார்த்தால் வாசிக்கிறவன் கூசுவான் என்பது அவர் எண்ணம். முதல் மழை விட்டது. தொடங்கின இடத்திலேயே பிழை விட்டேன். இரண்டாவது மழை விட்டது. கை தவறி, கம்பியை மீட்டுகிற கட்டை கிட்டாரின் ஓட்டைக்குள் விழுந்தது. அதைக் குலுக்கி எடுப்பதற்குள் மழை வந்துவிட்டது. மூன்றாவது மழை பெய்துகொண்டிருக்கும்போது என் வயிறு என்னைக் கேட்காமல் ஒரு முடிவுக்கு வந்தது.

"மச்சான், மழ வுடுறதுக்குள்ள வந்துர்றேன்" என்று கிட்டாரை அவன் கையில் கொடுத்துவிட்டு ஸ்டோருக்குப் பின்னால் இருந்த கக்கூசுக்கு ஓடினேன்.

மழை விட்டபோது நான் உள்ளே இருந்தேன். "மழ வுட்டுருச்சு, தொடங்கு!" என்று ஐயா மேலே கத்துவது கேட்டது. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு கிட்டார். என் கிட்டார்தான், ஆனால் என்னிடம் அது அப்படிச் சத்தம் போட்டதே இல்லை. அவன் சொந்தமாகக் கட்டி வைத்திருந்த துண்டு அது. மெல்லிய கம்பியில் ஏறி, இறங்கி, நடுவில் ஓர் இடத்தில் சுண்டுவிரல் ஒரு தாண்டு தாண்டும். அந்த இடத்தில் எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு சிலிர்த்தது. சங்கீதம் கேட்டுச் சிலிர்ப்பதற்கு அதைவிடக் கேவலமான இடம் உலகத்தில் இருக்க முடியாது.

நான் படி ஏறி வரும்போது கடைசிச் சத்தம் அடங்கிக்கொண்டிருந்தது. அவன் கிட்டாரைக் கதிரையில் சாய்த்துவிட்டுத் தன் மூலைக்குப் போய்விட்டான். மறைப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்த ஐயா நேரே வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "இவ்வளவு நேரம் இத எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார். எங்கே இருந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தோளுக்கு மேலே மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அதைச் 'சொல்லாதே' என்று எடுத்துக்கொண்டேன். 'சொல்லித் தொலை' என்றும் எடுத்திருக்கலாம். எனக்கு வசதியானதை எடுத்தேன்.

கேசட் வந்தது. அட்டையில் என் பேர், கொட்டை எழுத்தில். அதற்குப் பிறகு நான் கிட்டார் மாஸ்டர். கோயில் பாடகர் குழுவில் கிட்டார் நான். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கிளாஸ். மச்சானின் தங்கச்சி அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டுத்தான் என்னைப் பார்க்கவே தொடங்கினாள். எங்கள் கல்யாணத்துக்கு அந்தத் துண்டுதான் தரகர். விருந்துகளில் "அந்தத் துண்ட வாசிங்க மாஸ்டர்" என்று கேட்பார்கள். உடனே என் கிட்டாரில் மெல்லிய கம்பி அறுந்துபோகும். முப்பது வருடமாக, கேட்ட ஒவ்வொரு தடவையும் அறுந்தது. சட்டைப்பையில் நகவெட்டி வைத்திருந்தேன்.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதும் இதை நான் சொன்னதில்லை. கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று சில்லறையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

ஆகவே ஃபோன் வந்த மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு வட்டவளைக்கு பஸ் ஏறினேன். மச்சான் தோட்டத்து ஸ்டோரில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு தண்ணீர் மோட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"மச்சான், கம்ப்யூட்டரு கண்டுபுடிச்சிருமாடா?"

கருகின சுருளைப் பார்ப்பது போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "கண்டுபுடிக்கும். ஒன் அட்ரஸும் சேத்து வரும்."

"வெளையாடாத."

"ஒன் வவுத்துச் சத்தம் டேப்புல விழுந்திருக்குமில்ல. அத வெச்சே புடிச்சிருவாங்க."

"டேய், எனக்கு நேத்து ராத்திரி பூரா தூக்கமில்ல. ரெண்டு பேர் பேசுறது இருக்காம். நீ என்னாடா பேசுன அன்னிக்கு?"

"முப்பது வருசத்துக்கு முந்தி பேசுனத யாருக்குத் தெரியும்? நேத்து பேசுனதே ஞாபகமில்ல."

"சரி, மேடையில நீ வாசிச்சிரு. நான் கையில கட்டுப் போட்டுக்கிட்டு வர்றேன்."

"ஐயோ மாதாவே. என்னய நாலு பேரு பாத்துக்கிட்டிருந்தா எனக்கு வெரலே வராது. ஒனக்குத் தெரியாதா? நீதான் வாசிக்கிற மாதிரி அழகா ஒக்காருவ."

கடைசியில் எனக்குச் சொல்லிக் கொடுக்க ஒத்துக்கொண்டான். மத்தியானம் முழுக்க உட்கார்ந்தோம். சுண்டுவிரல் தாண்டுகிற இடத்தில் என் விரல் ஆற்றைத் தாண்டப் பயப்படுகிற ஆடு மாதிரி கரையிலேயே நின்றது.

"கோயில்ல என்னாதான்டா வாசிக்கிற?"

"மூணே மூணு கோர்ட், மாத்தி மாத்தி."

"முப்பது வருசமாவா?"

"ஆமா."

"ஆண்டவரு பொறுமசாலி" என்றான்.

வீட்டில் தனியாகப் பழகினேன். என் மனைவி டீச்சர். பிழை கண்டுபிடிப்பது அவளுக்குத் தொழில். பக்கத்து அறையில் கொப்பி திருத்திக்கொண்டே கேட்டாள்.

"என்னாங்க, ஒங்க துண்டுதான, ஏன் புதுசா படிக்கிற மாதிரி வாசிக்கிறீங்க?"

"வயசாகுதுல்ல. வெரல் மரத்துப் போவுது."

"அண்ணனுக்கு ஒங்களவிட மூணு வயசு கூட."

வாசிப்பதை நிறுத்திவிட்டேன். "இப்ப எதுக்கு அண்ணன இழுக்குற?"

"சும்மா சொன்னேன். எதுக்கு இப்புடித் திடுக்குறீங்க?"

மறுநாள் லேமினேட்டிங் மெஷினில் சுட்டுவிட்டதென்று விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டேன். கம்பியை அமுக்கவே முடியவில்லை என்று பெருமூச்சு விட்டேன். அவள் வருத்தப்பட்டாள், மஞ்சள் அரைத்துத் தரவா என்றாள். அதற்கு அடுத்த நாள் காலைச் சாப்பாட்டில் ரொட்டியை என் தட்டில் வைத்துவிட்டு, "நேத்து பிளாஸ்டரு எடது கையில இருந்துச்சு" என்றாள். குளித்துவிட்டு வந்து மாற்றி ஒட்டியிருக்கிறேன். அன்று முழுவதும் அவளிடம் தேவையில்லாமல் அன்பாக இருந்தேன். அது அவள் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

சனிக்கிழமை அவளும் வருவேன் என்றாள். அண்ணனுக்கும் ஃபோன் பண்ணி வரச் சொல்லிவிட்டாள். "பழைய டேப்பு கேக்கப் போறோம், அண்ணனும் அன்னிக்கு அங்க இருந்துச்சுல்ல?" என்றாள், ஒன்றும் அறியாதவள் போல. ஒருவேளை உண்மையிலேயே ஒன்றும் அறியாதவளாக இருந்திருக்கலாம். குற்றவாளிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஐயாவின் பழைய கேசட் கடையின் முன்பாதியில் இப்போது ஃபோன் கவர் விற்கிறார்கள். பின்னறையில் அந்தப் பெண் ஒரு மடிக்கணினியையும் இரண்டு ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முதலில் அப்பாவின் பெரட்டுக் கொப்பியை விரித்துக் காட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமையின் பக்கம். மேலே 'மழை' என்று இருந்தது. கீழே என் பேர், பக்கத்தில் 'கிட்டார்'. அதற்குக் கீழே இன்னொரு பேர், அதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் 'பிந்தி'.

"இது யாருன்னு தெரியுமா அங்கிள்?"

"நாந்தான் மகள்" என்றான் மச்சான். "வாய் பாக்கப் போயிருந்தேன்."

அவள் ஏதோ பட்டனை அமுக்கினாள். கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சத்தம். "மழ வுட்டுருச்சு, தொடங்கு!" ஐயாவின் குரல். அந்தப் பெண் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்து, மைக்கிலிருந்து தள்ளி, மெதுவாக, ஓர் இளம் குரல்.

"அவன் இல்ல ஐயா."

கொஞ்ச நேரம் சொட்டுச் சத்தம். ஹெட்ஃபோன் போட்டிருந்த ஐயாவுக்கு அது விழவில்லை, அல்லது விழுந்தும் விளங்கவில்லை. பதிலே வரவில்லை. பிறகு கிட்டார் தொடங்கியது.

சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை. கம்ப்யூட்டருக்கு விரலைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனால் மச்சான் அன்றைக்கே சொல்லியிருக்கிறான் என்பது முப்பது வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது. அவனைப் பார்த்தேன். அவன் ஸ்பீக்கர் வயரை எலக்ட்ரீஷியன் கண்ணோடு பரிசோதித்துக்கொண்டிருந்தான்.

துண்டு கடைசிவரை ஓடியது. முடிந்ததும் அந்தப் பெண் கேட்டாள்: "அவன் இல்லன்னு யாரச் சொல்றாங்க அங்கிள்? நேத்துத்தான் இது தெளிவா வந்துச்சு."

"அது... அது வந்து, வயலின்காரரு. அன்னிக்கு ஒரு வயலின்காரரு வர வேண்டியது" என்று தொடங்கினேன். என் மனைவி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வகுப்பில் கடைசி வரிசை வாங்கில் ஏதோ உருளுகிற சத்தம் கேட்டால் இப்படித்தான் திரும்புவாளாம்.

அந்தப் பெண் என் பொய்யைக் கவனிக்கவில்லை. "அப்பா கடைசி மாசம் படுக்கையில இதத்தான் கேட்டுக்கிட்டிருந்தாரு" என்றாள். "வேற எதுவும் வேணாம்னாரு. எத்தனையோ பேர பெரட்டுக்கு நிறுத்தினேன், இந்த ஒரு பேர் எழுதினதுக்காகவே அந்தக் கொப்பி போதும்னு சொன்னாரு. அதனாலதான் அங்கிள், இத வாசிச்ச கைய ஒரு தடவ புடிச்சுப் பாக்கணும்னு நெனச்சேன்." சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

என் வலது கையில் பிளாஸ்டர் இருந்தது. இடது கையை நீட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

"மகள்," என்றேன், "அந்த 'அவன்' நான்தான்."

"வெளங்கல அங்கிள்."

"இல்லாதவன் நான். வாசிச்சது இவன்." மச்சானைக் காட்டினேன்.

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"கக்கூசுல."

முன்பக்கத்தில் யாரோ ஃபோன் கவருக்கு விலை பேசுவது தெளிவாகக் கேட்டது. என் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்ப ஒரு வவுத்துக் கோளாறுக்கா நான் கழுத்த நீட்டுனேன்?"

"அப்புடியில்ல புள்ள..."

"பேசாதீங்க. கேசட்டுக்கு முந்தியே அண்ணன் வீட்டுல ரெண்டு வருசமா இதத்தான் வாசிச்சுக்கிட்டிருந்துச்சு. நீங்க அண்ணங்கிட்டக் கத்துக்கிட்டீங்கன்னு நெனச்சேன். கேசட்டக் கேட்டுட்டு, அண்ணனவிட நல்லா வாசிச்சிருக்காரேன்னு வேற நெனச்சேன்."

"அதுவும் நாந்தான்" என்றான் மச்சான்.

அந்தப் பெண் எழுந்து வந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டாள். மோட்டர் கிரீஸ் நகக்கண்ணில் அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் விடவில்லை. அவன் கூச்சத்தில் நெளிந்தான். எனக்கு அது உறைத்தது. முப்பது வருடமாக எனக்கு வந்த கைகுலுக்கல் எல்லாம் அந்தக் கைக்கு வந்திருக்க வேண்டியவை என்று நினைத்தபோது, முதல் தடவையாக என்னைப் பற்றி ஒரு ஜோக்கும் வரவில்லை.

மச்சானுக்கோ என்மேல் கோபம். "ஏன்டா வாயத் தொறந்த? முப்பது வருசம் நிம்மதியா இருந்தேன். ஒரு கல்யாணத்துக்குக் கூப்புடல, ஒரு கரோலுக்குக் கூப்புடல. எல்லாத்தையும் நீ பாத்துக்கிட்ட. இனிமே எவன் எவன் வந்து கதவத் தட்டப் போறானோ."

"அப்ப பேர மாத்த வேணாமா அங்கிள்?" என்று அந்தப் பெண் அவனிடம் கேட்டாள். சிடியோடு வரப்போகிற சின்னப் புத்தகத்துக்கான தாள் மேசையில் இருந்தது. அதில் என்னைப் பற்றி எழுதியிருந்த பத்து வரியை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். அத்தனை நல்ல வரிகள். "அப்பா சட்டப்படி பெரட்டுக்குப் பிந்தினா பேர் கெடையாது. நீங்க வேணாம்னா வேணாம்."

மச்சான் கொப்பியில் தன் பேரின் மேல் இருந்த கோட்டைப் பார்த்தான். பிறகு அந்தத் தாளைப் பார்த்தான். "போடுறதுன்னா," என்றான், "எழுத்துப் பெழ இல்லாம போடுங்க."

அவள் என் பேரை வெட்டிவிட்டு அவன் பேரை எழுதினாள். என் மனைவி எட்டிப் பார்த்து ஓர் எழுத்தைத் திருத்தினாள்.

மேடையில் வாசிக்க மட்டும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று பேரும் கெஞ்சினோம். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான். நானும் மேடையில் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். "எல்லாரும் ஒன்னையே பாத்துக்கிட்டிருக்கட்டும். ஒனக்கு அது பழக்கந்தான" என்றான்.

மனைவி என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் என் சட்டைப்பையில் இருந்து நகவெட்டியை எடுத்து, இது எதுக்கு எப்பவும் இங்க இருக்கு என்று கேட்டாள். சொன்னேன். இன்னும் இரண்டு நாள் பேசவில்லை.

வெளியீடு ஹட்டனில் ஒரு மண்டபத்தில், பின்னேரம் நடந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள், அதில் கோயில் பாடகர் குழு முழுவதும் இருந்தது. ஒன்பதாவது துண்டுக்கு மச்சானின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்குப் பின்னால் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நானும் எழுந்து மேடைக்குப் போனதால் குழப்பம் கூடியது. அவன் கிட்டாரோடு ஒரு கதிரையில் உட்கார்ந்தான். நான் வெறுங்கையோடு பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். நாலு நிமிடம் அவன் வாசித்தான். ஓர் இடத்தில் பிழை விட்டான். சுண்டுவிரல் தாண்டுகிற இடத்தில் பிழை விடவில்லை. கூட்டம் அவனைப் பார்த்தது. கைதட்டினார்கள். அவன் எழுந்து நின்றான். நான் உட்கார்ந்தே இருந்தேன்.